ஐந்து பள்ளிச் சாம்பார்

தலைமையாசிரியை வினோதினியின் சுமையைக் குறைக்கத்தான் அவரைப் போலவே பேசி முடிவெடுக்கும் ஏஐ நகலைத் திரையில் ஏற்றினார்கள். காலைப் பிரார்த்தனை, ஆய்வுக் கூட்டம், பெற்றோர் புகார் எல்லாவற்றையும் நகலே பார்த்துக்கொண்டது. நேரம்தான் மிச்சமாகிறதே என்று மேலிடம் இன்னும் நான்கு பள்ளிகளை அவர் தலையில் கட்டியது.

நகலால் முடியாதது ஒன்றுதான்: பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் சத்துணவை ருசி பார்ப்பது. அதற்காக வினோதினி ஸ்கூட்டரில் தினமும் ஐந்து பள்ளிக்கும் ஓடினார்.

"ஆயாம்மா, டெய்லி சாம்பார் குடிக்க வருதே, நம்ம ஸ்கிரீன் ஹெச்.எம். மாதிரியே இருக்கிற இந்த ஆன்ட்டி யாரு?" என்று ஒரு சிறுமி சமையலம்மாவிடம் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் ரசம் வைத்திருந்தார். வினோதினி ஒரு கரண்டி வாயில் விட்டுக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"பரிமாறலாம்," என்றவர், எழுந்து ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.