நடுவில் ஒரு வெள்ளைக் கோடு

ஒரு பரிசோதனைப் பட்டையில் இரண்டு கட்டங்கள் குடியிருந்தன. சிறுநீரில் உப்பு, அதாவது புரதம், இருந்தால் பச்சையாகிக் காட்டுவது ஒன்றின் வேலை; அமிலப் புளிப்பு எவ்வளவு என்று காட்டுவது மற்றதன் வேலை. இரண்டும் ஒட்டாமலிருக்க நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

உப்புக் கட்டத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அந்தப் புளிப்பு சரியான மந்தம். அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடும். வழி விடு, நான் அடியெடுத்துக் கொடுக்கிறேன்" என்று கோட்டை நச்சரித்தது.

"உன் பதிலை நீ சொல்லு. அதோட பதில் அதுக்குத் தெரியும்" என்றது கோடு.

கால் வீங்கிய கர்ப்பிணி ஒருத்தி காத்திருக்க, நர்ஸ் பட்டையைச் சிறுநீரில் முக்கி எடுத்தாள். உப்பு சட்டென்று பச்சையானது. அத்தோடு நிற்காமல் கோட்டைத் தாண்டிக் கசிந்தது. மெல்ல நிறம் மாறிக்கொண்டிருந்த புளிப்பு, அந்த ஈரம் பட்டதும் திகைத்துப்போய் ஆரஞ்சாகிவிட்டது.

"அடடா, ரெண்டும் கலந்துடுச்சே. இதை நம்ப முடியாது" என்று நர்ஸ் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வேறொன்றை முக்கினாள்.

கூடைக்குள்ளிருந்து உப்பு எட்டிப் பார்த்தது. புதுப் பட்டையிலும் அதே பச்சை; கர்ப்பிணிக்கு அது ஆபத்தின் அறிகுறி. நர்ஸ் அந்தப் பெண்ணை அவசரமாக டாக்டரிடம் அழைத்துப்போனாள்.

"அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்!" என்று உப்பு கத்தியது.

கூடையின் மூடி விழுந்து மூடிக்கொண்டது.