எலி

மலையில் இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை, மாவு மில் ஓடவில்லை. முனியம்மா வீட்டு ஏந்திரக் கல்லில் கையால் சுற்றிக் கேழ்வரகு அரைத்து முடித்த கோகிலவாணி, முறத்தை இடுப்பில் ஏந்தி வாசற்படியில் நிற்கிறாள். யார் வீட்டுக் கல்லில் அரைத்தாலும் கடைசி ஒரு பிடி மாவைக் கல்லோரத்திலேயே விட்டுவிட்டு எழுவது இங்கே வழக்கம், அது கல்லுக்காரிக்கு. அவளும் விட்டுத்தான் எழுந்தாள். முறத்தில் இருந்தது மூன்று பிள்ளைகளின் களிக்குக் காணாது என்று தெரிந்ததும், திரும்பிக் குனிந்து, முந்தானையால் கல்லோரத்தைத் துடைத்து முறத்தில் உதறிக்கொண்டாள். ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில் இப்போது அந்த வெறுங்கல்லின் மேல்தான் விழுகிறது. முனியம்மாவின் மருமகள் சுவேதா அதைப் பார்த்துவிடுகிறாள். “இன்னா அத்தே, கல்லு கழுவி வெச்சாப்புல கீது?” புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த முனியம்மா தலையை நிமிர்த்துகிறாள். கல்லைப் பார்க்கிறாள். கோகிலவாணியின் முந்தானையில் ஒட்டியிருக்கும் மாவையும் பார்க்கிறாள். பிறகு புளிக்கே குனிந்துகொள்கிறாள். “எலி தின்னுட்டுப் போயிருக்கும், வுடு.” அரைத்த கல்லின் சூடு இன்னும் ஆறவில்லை. கோகிலவாணி முந்தானையைக் கைக்குள் சுருட்டிக்கொள்கிறாள். “ஆமாங்க,” என்கிறாள். “எலிதான்.”