தலையணைக் கவிச்சி

எங்கள் மீன்பிடி ஊரான மொய்னாக்கில் கடல் வற்றி முப்பது வருடமாகிறது. கடலுக்குப் போன ஆற்றைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிய மதகில்தான் என் கணவர் பராகத் வேலை பார்த்தார்.

ஒரு காலையில் அவர் தலையணை சொதசொதவென்று நனைந்து, மீன் கவிச்சி அடித்தது. துவைத்துக் காயப்போட்டேன். மறுநாளும் அப்படியே.

"ஏங்க, மீனைத் தின்னுட்டு வாய்கூடக் கழுவாம படுத்தீங்களா?"

"இந்த ஊர்ல மீனுக்கு நான் எங்கடி போவேன்?"

மூன்றாம் நாள் தலையணையைக் கிழித்தேன். பஞ்சு முழுக்க வழவழவென்று மீன்முட்டைகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கருங்கண் அசைந்தது.

"உயிரோட இருக்குடி, தண்ணி கொண்டா!" பராகத் முட்டைகளை அள்ளக் கை நீட்டினார்.

"சீ, கையை எடுங்க!"

மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் குப்பைமேட்டுக்குத் தூக்கிப் போனேன். அங்கே ஊரார் வீசிய தலையணைகள் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. எல்லாம் உள்ளிருந்து துடித்துக்கொண்டிருந்தன.