டோக்கன் நோட்டில் மூன்று புள்ளி

"மூணாம் நம்பர் டோக்கன் என் கையில இருக்கு. ஏழாம் நம்பர் ஆளு உள்ள போயிட்டு வந்துட்டாரு! வேண்டப்பட்டவங்களை முதல் பந்தியில உக்கார வைக்க இதென்ன கல்யாண வீடா?"

சம்பந்தம் போட்ட சத்தம் சிட்லபாக்கம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும். மேடவாக்கத்தில் ஹார்டுவேர் கடை முதலாளி. மாசாமாசம் மனைவியைக் காட்டி மருந்து வாங்கிப் போக வருபவர்.

டாக்டர் ரேஷ்மா அறையை விட்டு வெளியே வந்தாள். மனநல மருத்துவர். பத்து வருஷமாக அந்த கிளினிக் அவளுடையது.

டோக்கன் கொடுக்கும் செல்லம்மா மேஜைக்குப் பின்னால் தலை குனிந்து நின்றாள்.

"என்ன செல்லம்மாக்கா இது? ஏன் வரிசையை மாத்தினீங்க?"

செல்லம்மா ஹாலை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"பாத்தீங்களா டாக்டர், பதிலே இல்ல! சொந்தக்காரங்களா இருக்கும். இல்லன்னா இவங்க போற சர்ச் ஆளுங்களா இருக்கும்" என்றார் சம்பந்தம். காத்திருந்த நாலைந்து பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"நான் விசாரிக்கிறேன் சார். தப்பு இருந்தா இன்னியோட அவங்க வேலை முடிஞ்சுது."

வெடுக்கென்று சொல்லிவிட்டு டோக்கன் நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள் ரேஷ்மா.

அவளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? எதுவும் அதனதன் இடத்தில் இருந்தாக வேண்டும் அவளுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் மனநல மருத்துவர்கள் கூட்டம். மனநோய்களை வகை பிரிக்கும் முறைகளைப் பற்றி அவள்தான் பேசப் போகிறாள். அதற்காக அறுபது டாக்டர்களிடம் கருத்துக் கேட்டு வைத்திருந்தாள்.

"இத்தனை பிரிவு யாருக்கு வேணும்? ஒரு நூறு இருந்தா தாராளம்" என்று பாதிப் பேர் எழுதியிருந்தார்கள். "நோய்க்குப் போடற கோடு நம்பரெல்லாம் இன்ஷூரன்ஸ்காரனுக்குத்தான். நான் முகத்தைப் பாத்தே மருந்து எழுதிடுவேன்" என்று சிலர்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல இதென்ன ஜோசியமா? நாலு கேள்வி கேட்டால் போதும், எந்த நோயையும் அதன் பிரிவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள் ரேஷ்மா. அந்த விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அது அவளுக்கும் நன்றாகவே தெரியும்.

நோட்டைப் பிரித்தாள். இன்றைய பக்கத்தில் மூன்று பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிவப்புப் பேனாவில் ஒரு புள்ளி. வரிசையை மீறி உள்ளே வந்தது அந்த மூன்று பேர்தான். முந்தின நாட்களின் பக்கங்களிலும் அங்கங்கே அதே புள்ளி.

அட, இந்தம்மாவும் ஆட்களை வகை பிரிக்கிறாளே!

எதை வைத்து? ரேஷ்மா கம்ப்யூட்டரில் மூன்று பேரின் ஃபைலையும் திறந்தாள்.

ஜோஷ்வாவுக்குத் திடீர் திடீரென்று பதற்றம். முனியம்மாவுக்கு மனச்சோர்வு. சூர்யாவுக்குக் குடி. நோய்களை வகை பிரிக்கும் அவளுடைய புத்தகத்தில் மூன்றும் மூன்று அத்தியாயம்.

ஒருவேளை நோய் முற்றியவர்களை முதலில் அனுப்புகிறாளோ? அதுவும் இல்லை. முனியம்மாவுக்கு முக்கால்வாசி குணமாகிவிட்டது. சர்ச் ஆட்களா? ஜோஷ்வாவைச் சொல்லலாம், மற்ற இரண்டு பேர்? ஒரே ஏரியாவா என்றால், ஒருத்தர் கோவிலம்பாக்கம், ஒருத்தர் பல்லாவரம், ஒருத்தர் செம்பாக்கம். வயதும் ஒத்துப்போகவில்லை.

மூன்று பேரும் எதிரே உட்கார்ந்து பேசியதை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அறைக்குள் நோயாளி மட்டும்தான் வர வேண்டும், உறவுக்காரர்களெல்லாம் ஹாலில்தான் இருக்க வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். அப்போதுதான் மனம் விட்டுப் பேசுவார்கள். பேசியதெல்லாம் வரி வரியாக ஞாபகம் இருந்தது. பொதுவாக ஒன்றும் அகப்படவில்லை.

நூற்றுக்கணக்கான நோய்களைப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு இந்த மூன்று புள்ளிகள் பிடிபட மாட்டேன் என்கின்றன. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

செல்லம்மாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, வெளியில அவர் உங்க வேலைக்கே உலை வைக்கறாரு. இப்பவாவது சொல்லுங்க. இந்தப் புள்ளி என்ன கணக்கு? அத்தனை பேர் முன்னாடி கேட்டேனே, அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்டி மேடம் சொல்றது? புள்ளி வச்சவங்களையே எதிர்ல வச்சுக்கினு, இவங்களுக்குக் கூட வர ஒரு ஆளு இல்லன்னு எப்டி சொல்றது?"

ரேஷ்மா நோட்டை மறுபடியும் பார்த்தாள்.

"மூணு பேரும் தனியா வந்தவங்களா?"

"ஆமா மேடம். புள்ளி வச்சவங்க எல்லாருமே."

"சரி, தனியா வந்தா முதல்ல விட்டுடணுமா? மத்தவங்களும் நோயாளிதானே? வரிசைன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?" ரேஷ்மா விடுவதாக இல்லை.

"கூட ஆளு இருக்கறவங்க பாதியில எழுந்தா, கையைப் புடிச்சு உக்கார வச்சிடுவாங்க மேடம். இவங்க எழுந்தா அப்டியே போயிடுவாங்க. ஆடி மாசம் ஒரு அம்மா, பதினோராம் நம்பர் டோக்கன். ரெண்டு மணி நேரம் உக்காந்து பாத்துட்டு எழுந்து போச்சு. அன்னிக்கு நான் எல்லாரையும் வரிசைப்படிதான் விட்டேன் மேடம். அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல."