காணி வரிக்கு ஒன்பது வோட்டு

"உள்ள வாரும் இரத்தினம். ஆனா வோட்டுக் கதையெண்டால் சப்பாத்தைக் கழட்டாதையும்."

இரத்தினசிங்கம் சிரித்தபடியே சப்பாத்தைக் கழற்றினார். தலையிலிருந்து நவம்பர் மழை சொட்டியது. கையில், பிளாஸ்டிக் பைக்குள் நனையாமல் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரம்.

"வோட்டுக் கதைதான் அண்ணை. செவ்வாய்க்கிழமை ஊர்க் கொம்யூன் சபைத் தேர்தல். அதோட இன்னொரு வோட்டுத் துண்டும் தருவினம். சின்ன வீடுகளின்ர காணி வரியைக் குறைக்கலாமோ எண்டு கேட்டிருக்கு. ‘ஓம்’ எண்டதுக்கு நேரை ஒரு புள்ளடி போட்டால் காணும்."

கனகசபை சோபாவில் சாய்ந்தார். "எங்களுக்கு இந்த ஊரில ஒரு பூச்சாடி மண்ணும் சொந்தமில்லை. காணி வரி ஏறினாலென்ன, இறங்கினாலென்ன?"

"வீடு வைச்சிருக்கிறவைக்கு அண்ணை..."

"அப்பிடி வாரும் வழிக்கு! நீர் வீடு வாங்கப் போறீர் எண்டு பக்டரி முழுக்கக் கதை. வங்கியும் கடன் தாறனெண்டு சொல்லிப்போட்டுதாம்."

இரத்தினசிங்கம் துண்டுப் பிரசுரக் கட்டை மேசையில் வைத்தார். கதை பொய்யுமில்லை.

டென்மார்க்கில், யூட்லாந்தின் அந்தச் சின்ன ஊருக்கு அவர் வந்து ஏழு வருசம். மனைவி விமலராணியும் நாலு பிள்ளைகளும் போன வருசம்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறைக்குள் ஆறு பேர். மூத்தவள் குளியலறையைப் பூட்டிக்கொண்டுதான் பாடம் படிக்கிறாள்.

"வீட்டுத் திறப்பு கைக்கு வரமுதலே வரியைக் குறைக்க எங்களைக் கொண்டு புள்ளடி போடுவிக்கிறீர். கெட்டிக்காரன்தான் ஐசே!"

"இஞ்சை எங்கட ஆக்களில ஒன்பது பேருக்குத்தான் வோட்டு இருக்கு. நீங்கள் சொன்னால் மற்ற ஆக்களும் கேப்பினம்."

"டெனிஷ்காரர் வீடுகளுக்கும் போறீராம்?"

"போனன். மூண்டு நாள் ஒரு சனம் கதவு திறக்கேல்லை. பிறகுதான் ஒருத்தர் சொன்னார், ஆறு மணிக்குத் தட்டினால் ஆர் திறப்பினம், அது சாப்பாட்டு நேரமெண்டு. இப்ப ஏழு மணிக்குப் போறன். மனுசி பொரிச்ச றோல்ஸும் கொண்டு போறன்."

"றோல்ஸ் குடுத்து வோட்டோ!" கனகசபை வயிறு குலுங்கச் சிரித்தார். "யாழ்ப்பாணத்துத் தேர்தல் உம்மை விட்டுப் போகேல்லை. சரி, யோசிக்கிறன்."

யோசிக்கவெல்லாம் இல்லை. படியால் இறங்கும் சத்தம் ஓய்ந்ததும் போனை எடுத்தார். "கேட்டியளே? தன்ர வரிக்கு எங்களைப் புள்ளடி போடட்டாம்!"

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில், ‘இல்லை’ என்பதற்கு நேரே அழுத்தி ஒரு புள்ளடி போட்டுவிட்டு வந்தார்.

பதினொரு வோட்டால் ‘ஓம்’ வென்றது. தை மாதத்திலிருந்து வரி குறையும் என்று சபை அறிவித்தது.

அந்தச் சனிக்கிழமை கனகசபை சைக்கிளில் கடைக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு சின்னச் செங்கல் வீடு. முற்றத்தில், ‘விற்பனைக்கு’ என்று எழுதிய பலகையைப் பிடுங்கிக்கொண்டு நின்றது வேறு யாருமில்லை, இரத்தினசிங்கம்தான். பக்கத்தில் கோப்பிக் குடுவையோடு ஒரு டெனிஷ் கிழவி.

கனகசபை பிரேக்கைப் பிடித்தார். "வாழ்த்துக்கள் ஐசே! வரியும் குறைஞ்சுது, வீடும் கிடைச்சுது!"

"வீடு கிடைக்கேல்லை அண்ணை. அந்தப் பக்கத்துக் கட்டையைக் கொஞ்சம் பிடிக்கிறியளே? இறுகிப்போய் நிக்குது."

கிழவி கனகசபையின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவருக்கு விளங்கவேண்டுமென்று டெனிஷை ஆறுதலாக, சொல் சொல்லாகப் பேசினாள்.

"நான் இங்கர். இந்த வீட்டை வாங்குவதாக எனக்குக் கை தந்து வாக்குச் சொன்னவர் இவர்தான். வரி கட்ட வழியில்லாமல்தான் விற்க வெளிக்கிட்டேன். இனி விற்கத் தேவையில்லை. ஒன்பது தமிழரும் ‘ஓம்’ போட்டதாக இவர் சொன்னார். உங்களுக்கும் நன்றி."

கனகசபை தொப்பியைக் கழற்றினார். போய்க் கட்டையைப் பிடித்தார். பலகை மண்ணோடு கிளம்பி வந்தது. இங்கர் கோப்பைகள் எடுக்க உள்ளே போனாள்.

"உமக்கென்ன விசரோ?" என்றார் தாழ்ந்த குரலில். "பேசாமல் இருந்திருந்தால் இந்த வீடு உம்மட வீடெல்லே!"

"ஓம் அண்ணை."

"நாலு பிள்ளையளை வைச்சுக்கொண்டு... விமலராணி அறிஞ்சால் உம்மைச் சும்மா விடுவாவே?"

இரத்தினசிங்கம் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"ஜன்னல் சீலைக்கு அளவெடுக்கவெண்டு வந்தவள், இங்கர் குசினிக்குள்ள தனிய நிண்டு அழுததைக் கண்டிட்டாள் அண்ணை. ‘நாங்கள் வாங்காட்டி வேறை ஆரும் வாங்குவினம். வரி குறைஞ்சால்தான் அவ இஞ்சை இருப்பா. வீட்டை விட்டிட்டு வெளிக்கிடுறது என்னெண்டு எனக்குத் தெரியும், இந்த வயசில அவவுக்கு அது வேண்டாம்’ எண்டு சொல்லி, மழையெண்டும் பாராமல் என்னை வோட்டுக் கேக்க அனுப்பினதே அவள்தான்."