கெண்டைக்கால்

"கெண்டைக்கால் தசை இறுகுனாத்தான் குதிகால் எழும்பும். தொடைத் தசை இறுகுனா முட்டி நீளும். இந்த ரெண்டும்தான் உன்னைத் தூக்கி வீசும், தேவயானி!"

பி.டி. சார் ஐந்து வருஷம் பழக்கினார். நீளம் தாண்டுதலில் அவள் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள்.

படிப்பு முடிந்ததும் அரியலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மறுநாள் தரகர் கண்ணையன் தலையைச் சொறிந்தார்.

"வேணாம்னுட்டாங்க. பொண்ணுக்குக் கெண்டைக்கால் ஆம்பளை மாதிரி திரண்டு கெடக்காம்."

அம்மா செல்வம்மாள் கொதித்தாள். "பாதம் மறைய பட்டுச்சேலை கட்டியிருந்தா. எவன் பாத்தான்?"

"மாப்பிள்ளையோட அண்ணன் சொன்னாராம்."

"அவருதான் வரவே இல்லையே?"

"அவரு எதுக்குங்க வரணும்? அஞ்சு வருஷம் அவருகிட்டத்தானே உங்க பொண்ணு தாண்டப் பழகுச்சு!"