கதகதப்பான கூடு

பிராங்பேர்ட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், 1969இல், பாமா பிர்ச் மரப்பட்டையை வளைத்துத் தைத்து, பைன் காய்கள் பதித்து அழகாக ஒரு குருவிக்கூடு செய்தாள். பால்கனிச் சுவரில் வெதுவெதுப்பாகக் காற்று வரும் ஓட்டை ஒன்று இருந்தது. குருவிகளுக்குக் குளிராதென்று கூட்டை அதன்மேலேயே பொருத்தி, இடுக்கெல்லாம் பாசியை வைத்து அடைத்தாள்.

இரண்டு நாளாகியும் ஒரு குருவிகூட அண்டவில்லை.

"ஏங்க, கவனிச்சீங்களா? நான் தாளிச்சாலே பக்கத்து வீட்டம்மா சுவரை இடிப்பாங்க. ரெண்டு நாளா சத்தமே இல்லை."

ஆராய்ச்சி மாணவனான அவள் கணவன் உமாபதி புத்தகத்திலிருந்து நிமிராமல் சிரித்தான். "உன் சமையல் வாசனை பழகிடுச்சு போல."

பாமா அன்று துணிந்து பெருங்காயம் போட்டுத் தாளித்தாள். சுவர் அமைதியாகவே இருந்தது. அந்த அமைதி ஏனோ அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. வெள்ளைத் துணி மூடிய ஸ்ட்ரெச்சர் ஒன்று பக்கத்து வீட்டிலிருந்து படியிறங்கியது. தீயணைப்பு வீரர் ஒருவர் நேரே இவர்கள் பால்கனிக்கு வந்து கூட்டைப் பெயர்த்தெடுத்தார். உள்ளே கரி படிந்திருந்தது. அவர் ஜெர்மனில் கேட்டதை உமாபதி மெல்லத் தமிழில் சொன்னான்:

"அந்தம்மாவோட கேஸ் ஹீட்டர் புகை வெளியே போற குழாயாம் இது. யார் அடைச்சதுன்னு கேக்கறார்."